பாதி மீசையும் பச்சை நூலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் அப்பாவும் சுகம், சலவைக் கடையில் பெரிய மெஷின் மட்டும் துணியைப் பாதி சுற்றிவிட்டு நின்று யோசிக்கிறது, அதற்கும் வயதாகிறது. நீங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் சொல்லப் போவதையெல்லாம் எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறார், அதுவும் தப்பாக. நகரசபையில் என்ன ஆயிற்று என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய், தெரியும். ஆனால் முடிவை முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்கமாட்டாய். கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்ட பிள்ளை நீ. அதனால் முதலிலிருந்தே வருகிறேன், பக்கத்தைப் புரட்டாமல் படி.

நம் கடைக்கு எதிரே, சாவிக்கொத்து என்று நாம் பெயர் வைத்த மனிதருடைய கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. இடுப்பில் அத்தனை சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த மனிதர் நடந்து வந்தால் தெருமுனையிலேயே சத்தம் கேட்கும், ஆனால் ஒரு கதவைத் திறக்க மனசு வராது. கீழே கண்ணாடிக் கடை, மேலே இரண்டு அறை, நீ லென்ஸ் தேய்ப்பது, அவன் கண் பரிசோதிப்பது என்று நீங்கள் போட்ட திட்டத்துக்கு முதலில் சரி சரி என்று தலையாட்டியவர்தானே அவர். மேலே குடியிருக்கப் போவது நீங்கள் இருவரும்தான் என்று தெரிந்ததும், குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்றுவிட்டார். அதே அறைகளில் முன்னால் ஒரு தம்பதி இருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா, சண்டை வந்தால் தட்டு ஜன்னல் வழியாகப் பறந்து வந்து நம் கடை வாசலில் விழும். அது குடும்பம். அதற்கு முன்னால் ஒருவர் அறைக்குள்ளேயே புறா வளர்த்தார், இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியை வெளியே காயப்போட முடியாது. அதுவும் குடும்பத்தில்தான் சேர்த்தி. நீயும் அவனும் மட்டும் சேர்த்தி இல்லை. அன்றைக்குப் போனில் நீ எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னபோது அப்பா, அந்தப் பையன் நன்றாகச் சமைப்பானா என்று மட்டும் கேட்டார், அதற்கு நீ சிரித்தாய், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. எனக்கு முன்பே தெரியும் கண்ணா. போனதரம் நீங்கள் வந்திருந்தபோது அவனை ரூம்மேட் என்று சொல்லித் தனி அறையில் படுக்க வைத்தாய், ஆனால் இரண்டு பேர் துணியும் ஒரே பையில் கலந்து வந்தது, யாருடைய சாக்ஸ் எது என்று உங்களுக்கே தெரியவில்லை. வருஷக்கணக்காக ஊர்த் துணியைத் துவைக்கிறவளிடம் இதையெல்லாம் மறைக்க முடியுமா.

நர்ஸம்மா கவுன்சிலர் ஆனது உனக்குத் தெரியும். ரிடையர் ஆன பிறகும் ஊசி போடுகிற மாதிரிதான் பேசுவார், வலிக்கும், ஆனால் சரியான இடத்தில் இறங்கும். சாவிக்கொத்து உங்களுக்கு இடம் தர மறுத்த விஷயம் தெருவெல்லாம் பரவியதும் அவர் நகரசபையில் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஒருவர் யாரோடு சேர்ந்து வாழ்கிறார், ஆணோடு ஆணா, பெண்ணோடு பெண்ணா, திருநங்கையா, திருநம்பியா என்பதைக் காரணம் காட்டி வீடு கொடுக்க மாட்டேன், வேலை கொடுக்க மாட்டேன், கடையில் சாமான் கொடுக்க மாட்டேன் என்று இந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் அபராதம். இவ்வளவுதான் விதி. யாரும் யாரையும் விருந்துக்குக் கூப்பிட வேண்டாம், மடியில் வைத்துக் கொஞ்சவும் வேண்டாம், வாடகைக்கு வந்து நின்றால் சாவியைக் கொடுங்கள், அது போதும் என்று நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அதற்கே ஊர் ரெண்டுபட்டது. பேக்கரிக்காரர் விதியை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கடையில் மாவு பிசைவதே ஒரு திருநங்கைதான், விடிவதற்கு முன்னால் வந்து அடுப்பு மூட்டுவது அவள்தான், அவள் ஒருநாள் வராவிட்டால் அவருடைய பன்னைத் தலைக்கு வைத்துத்தான் படுக்க முடியும். என்னங்க இப்படி என்று கேட்டால், அவ வேற, அவ நம்ம பொண்ணு என்கிறார்.

எதிர்ப்புக்குத் தலைமை யார் என்று நினைக்கிறாய், சாட்சாத் உன் சித்தப்பாதான். கவுன்சிலர் பதவி ஒரு பக்கம், வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவி ஒரு பக்கம், நடுவில் ஹார்டுவேர் கடை. உனக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு தெருவை அளந்த அதே மனிதர். சங்கக் கட்டடத்தில் மைக்கைப் பிடித்து, இந்த விதி வந்தால் நம் கலாசாரம் என்னாவது, நம் தெரு என்னாவது என்று முழங்கினார். என்னைப் பார்த்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நம்ம பையன சொல்லல அண்ணி, பொதுவா சொல்றேன் என்றார். பொதுவாகச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. அதிலே பெரிய வேடிக்கை, அன்றைக்கு அவர் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை உன் ரூம்மேட்டுடையது. போனதரம் நீங்கள் கிளம்பும்போது துவைக்கப் போட்டுவிட்டு மறந்து போனீர்களே, அதேதான், வலது கைப் பித்தானை நான்தான் வேறு நீலத்தில் தைத்துக் கொடுத்தேன். ஒருநாள் சித்தப்பா அவசரமாக வந்தவர், இது என்னுது என்று அலமாரியிலிருந்து தானே உருவிக்கொண்டு போனார், அளவும் கச்சிதமாக இருந்தது, ராசியான சட்டை என்று ஒவ்வொரு எதிர்ப்புக் கூட்டத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார். உங்களை ஊருக்குள் விடக் கூடாது என்று கை தூக்கும்போதெல்லாம் உங்கள் சட்டைக் கையும் சேர்ந்து உயர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அப்பாவிடம் மட்டும் சொன்னேன், அவர் சிரித்துச் சிரித்து முழங்கால் வலியே மறந்துவிட்டார்.

அதன் பிறகுதான் சித்தப்பாவுக்கு அந்த யோசனை உதித்தது. விதியை நேரடியாக எதிர்த்தால் கெட்ட பெயர், அதனால் ஒரே ஒரு வரி சேர்க்கலாம், மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்களுக்குக் கடைக்காரர் சேவை மறுக்கலாம் என்று ஒரு திருத்தம். தெருவே இதற்கு ஆதரவு என்று நகரசபைக்குக் காட்ட, சங்கச் செலவில் போர்டு அடித்துக் கடைக்குக் கடை மாட்டினார். இங்கே மனச்சாட்சிப்படி சேவை வழங்கப்படும், எங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்கள் மன்னிக்கவும், என்று கொட்டை எழுத்தில். வாக்கெடுப்பு முடியும் வரை மாட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு. நம் கடைக்கும் ஒன்று வந்தது. ஆணி இல்லை என்றேன். நம்ம கடையிலயே வாங்கிக்கலாமே அண்ணி என்றார். உங்க கடை ஆணி வளையுது என்றேன். போர்டு மேஜைக்கு அடியில் கிடந்தது.

கண்ணா, நம் தெருவில் இத்தனை மனச்சாட்சி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரை மனதில் வைத்துப் போர்டு அடித்தார்களோ அவர்கள் ஒருவரும் வரவில்லை, வந்தது எல்லாம் பக்கத்துக் கடைக்காரர்கள்தான். மருந்துக்கடைக்காரம்மா ஒருமுறை பேக்கரிக்காரரிடம் எல்லார் முன்னிலும், உங்க பன்னைத் தின்னா எங்க கடைக்குத்தான் வரணும் என்று சொல்லியிருந்தாராம். பேக்கரிக்காரர் போர்டைக் காட்டி அவருக்கு ரொட்டி இல்லை என்றார். மறுநாள் இருமல் மருந்துக்குப் போன பேக்கரிக்காரருக்கு அந்த அம்மா அவர் கடைப் போர்டைக் காட்டினார். இவர் இருமிக்கொண்டே பன் விற்றார், ஒருவரும் வாங்கவில்லை. சாவிக்கொத்து வீட்டில் குழாய் உடைந்தது. பிளம்பரின் மனச்சாட்சிக்குச் சாவிக்கொத்து ஒவ்வவில்லை, வெயிலில் நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் தராத மனிதராம். பாவம், வாளியைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வந்து தண்ணீர் பிடித்தார். நான் பிடிக்கவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க நாக்கு துடித்தது உண்மை.

சித்தப்பாவின் முறையும் வந்தது. வாக்கெடுப்புக்கு முன்னால் மீசைக்குச் சாயம் போட்டுக்கொள்ள சலூனுக்குப் போனார். அந்த மீசைக்கு ஏற்ற கருப்பைக் கலக்க சலூன்காரருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்கள் போட்டால் ஊதா அடிக்கும். சலூன்காரர் ஒரு பக்கம் போட்டு முடித்துப் பிரஷை மறுபக்கம் கொண்டுபோகும்போது, சித்தப்பா விற்ற குழாய் ஒழுகியதும், வித்த சாமான் திரும்ப எடுக்கறதில்ல என்று சித்தப்பா சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்ததாம். மனச்சாட்சி அந்த நிமிஷம் பார்த்து விழித்துக்கொண்டது. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, எழுந்திருங்க தலைவரே என்று போர்டைக் காட்டினார். சாயம் வாங்கலாம் என்று மருந்துக்கடைக்குப் போனால் அங்கேயும் போர்டு. சிரைத்துவிடலாமே என்று உன் சித்தி சொல்லியிருக்கிறாள், அதற்கு அவள் மேல் கோபித்துக்கொண்டாராம். கருப்பும் வெள்ளையுமாகத் தெருவில் நடந்துபோனார் மனிதர், இந்தப் பக்கம் பார்த்தால் கவுன்சிலர், அந்தப் பக்கம் பார்த்தால் கவுன்சிலரின் அப்பா.

அந்த முகத்தோடு நம் கடைக்கு வந்தார், நகரசபைக்குப் போட்டுப் போகிற கோட்டு நம்மிடம்தான் இருந்தது. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழாத குறை. என்ன அநியாயம் அண்ணி, மனுஷன் காசு கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எழுந்து போன்னு சொல்றான், நாலு பேர் பார்க்கறாங்க, நான் என்ன தப்பு பண்ணேன் என்றார். சாவிக்கொத்து நம்ம பையன்கிட்ட சொன்னதும் இதானே என்றேன். அது வேற அண்ணி, நான் பொதுவா சொல்றேன் என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் போர்டை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். கோட்டு தர முடியாது, மனச்சாட்சி என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எழுந்து போனார். எனக்கு ஒரே குளிர்ச்சி, அன்றைக்கு இரண்டு பங்கு சாப்பிட்டேன். அப்பாவிடம் நடித்துக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. இனிச்சுதா என்று கேட்டார். இனிக்காம என்ன என்றேன். சாவிக்கொத்துக்கும் இப்படித்தான் இனிச்சிருக்கும் என்றார். கண்ணா, சாப்பிட்டது எனக்கு அப்படியே நெஞ்சில் நின்றது. உன்னை வேண்டாம் என்று சொன்னவன் கொடுமைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குக் கொடுமைக்காரனாக இருக்க வேண்டியதே இல்லை, கையில் ஒரு போர்டும் எதிரில் ஒரு ஆளும் இருந்தால் போதும். என்னைப் போன்றவளுக்கும் அந்த விதி வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. காலையில் முதல் வேலையாகக் கோட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் எடுத்துப் போய்ச் சித்தியிடம் கொடுத்தேன். சித்தப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், கருப்புப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி.

வாக்கெடுப்பைப் பார்க்க நானும் அப்பாவும் போனோம். நகரசபைக் கூடத்தில் உட்கார இடமில்லை, பேக்கரிக்காரர் இருமிக்கொண்டிருந்தார், மாவு பிசைகிற பெண்ணும் வந்து கடைசியில் சுவரோரம் நின்றாள், அவளுக்கு இந்த விதி வந்தாலும் வராவிட்டாலும் விடிந்தால் வேலை, ஆனால் வீடு மட்டும் ஊருக்கு வெளியேதான் கிடைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். நர்ஸம்மா விதியைப் படித்தார். யார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம், சித்தப்பாவின் கைதான் பாக்கி, அதுவும் விதிக்கு முன்னால் அவருடைய திருத்தத்தைத்தான் வாக்குக்கு எடுக்க வேண்டும். எழுந்து நின்றார். கூடம் முழுக்க அந்த மீசையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, உங்கள் கடையும் அந்த இரண்டு அறையும் அந்த ஒரு கையில் இருந்தது. அவர் தொண்டையைச் செருமிவிட்டு, திருத்தத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றார். நகரசபைத் தலைவர் காரணம் கேட்டார். காரணம் என் மூஞ்சியில இருக்கு, பார்த்துக்குங்க என்றார். அப்புறம் சொன்னார், மனச்சாட்சின்னு சொன்னா மேல கேள்வி கேட்க முடியல, அதான் அதுல கோளாறு, சலூன்ல இருந்து வீட்டுக்கு நடந்து போன தூரம் எனக்குத்தான் தெரியும், என் அண்ணன் மகன் இதைவிட அதிக தூரம் நடந்து போயிருக்கான், என்றார். பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. கையைத் தூக்கினார். கோட்டுக்கு உள்ளே அதே நீலச் சட்டை, வேறு நீலப் பித்தான். விதி நிறைவேறியது கண்ணா. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அத்தனை பேர் நடுவில், கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்யாத மனிதர்.

இதற்குள் சித்தப்பா திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. மறுநாளிலிருந்து நான் கொண்டுவந்த விதி என்றுதான் சொல்லித் திரிகிறார். நர்ஸம்மா காதுபடவே சொல்கிறார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள், இவருக்கு ஒரு பக்கத்தில் மண்ணும் ஒட்டவில்லை, கருப்பும் ஒட்டவில்லை. சாவிக்கொத்து அபராதத்துக்குப் பயந்தோ, பிளம்பர் திரும்ப வந்த சந்தோஷத்திலோ, சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். மாடிக் குழாய் கொஞ்சம் மக்கர் பண்ணும், பசங்ககிட்ட சொல்லிடுங்க என்றார். பசங்க என்றார். பிடித்துச் சொன்னாரா பிடிக்காமல் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. விதி வந்ததால் எல்லார் மனசும் வெளுத்துவிடாது, சில கறை துவைக்கத் துவைக்கத்தான் போகும். வந்த புதிதில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், போகட்டும், கண் மங்கினால் உங்களிடம்தானே வர வேண்டும். அப்போது நீங்கள் போர்டு மாட்டாதீர்கள், அம்மாவின் புத்திமதி அது ஒன்றுதான். வரும்போது கம்பளிப் போர்வை தூக்கிக்கொண்டு வராதே, இங்கே இருக்கிறது. அவனுக்குப் பயணத்தில் தலைசுற்றும் என்றாயே, வெறும் வயிற்றில் கிளப்பிவிடாதே.

இன்னும் ஒன்று பாக்கி. நம் கடையில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு நூல் நிறம் என்பது நீ நடக்கப் பழகின நாளிலிருந்து பார்த்தது. காலருக்கு உள்ளே ஒரு தையல், நர்ஸம்மா வீட்டுக்கு மஞ்சள், பேக்கரிக்குச் சிவப்பு, நமக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பச்சை, இன்று வந்து நாளை போகிற வெளியாட்களுக்கு வெள்ளை. போனதரம் நீங்கள் வந்தபோது உன் சட்டைக்கெல்லாம் பச்சை போட்டேன், அவன் சட்டைக்கு வெள்ளை போட்டேன். சாக்ஸைப் பார்த்த பிறகும் போட்டேன். நேற்று சித்தப்பா அந்த நீலச் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். காலரைத் திருப்பிக் காட்டி, இதுல வெள்ளை நூல் இருக்கு, இது எனக்குச் சொந்தம் இல்ல போல, யாரோ வெளியாளோடது என்றார். வெளியாளோடது இல்லை என்றேன். அவர் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அப்புறம் புரிந்தது, கருப்புப் பக்கமும் வெள்ளைப் பக்கமும் சேர்ந்து சிவந்தது. இத்தனை கூட்டத்துக்கும் இதையா போட்டுட்டுப் போனேன் என்றார். ஆமாம் என்றேன். சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லா உழைச்ச சட்டை அண்ணி, கையில கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, தச்சுக் கொடுத்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். துவைத்து, கையைத் தைத்து, வெள்ளை நூலைப் பிரித்து எடுத்துவிட்டுப் பச்சை போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அவனை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்.

இருவரும் தீர்க்காயுசாக, ஒரே கூரைக்குக் கீழே, நோய் நொடி இல்லாமல் இருக்க எங்கள் மனமார்ந்த ஆசி. வருகிற தேதியை மறக்காமல் எழுது, மாடியைப் பெருக்க வேண்டும். இனிமேல் கடிதத்தில் ரூம்மேட் என்று எழுதாதே, அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா